பிளைவுட் வள்ளத்துக்குக் கடல் நீரை விட மழை நீரே எதிரி

கேரளக் கடற்கரையில் பிளைவுட் வள்ளங்கள் பரவத் தொடங்கியது 1980-களில். குடைந்து செய்யும் வள்ளத்துக்கு வேண்டிய பெரிய மரங்கள் அருகி விலை ஏறிய நேரத்தில், இவை மீனவர்களுக்குக் கைகொடுத்தன. ஃபைபர் படகுகள் பெருகிவிட்ட இன்றும் இவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்து கடல் தொழில் செய்யும் தமிழர்களும் இவற்றை நன்கு அறிவார்கள்.

இந்த வள்ளங்களில் பெரும்பாலும் முதலில் கெடுவது அடிப்பாகம் அல்ல. ஆள் நின்று வலை இழுக்கும் மேல்தட்டுதான். மரத்தை மக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. உப்பு நீரில் அது எளிதில் வளராது. மேல்தட்டில் தேங்கும் மழை நீரோ அதற்கு நல்ல தீனி. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நிலைத்து நின்றால் ஆபத்து ஆரம்பம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் கேரளத்தில் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வழி எது?

"ஐ.எஸ். 710" முத்திரை உள்ள மரைன் பிளைவுட் என்றால் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். கொதிநீரிலும் பசை விடாது என்பது உண்மையே. ஆனால் தண்ணீர் உள்ளே போகாது என்று அதற்குப் பொருள் அல்ல. பலகையின் முகப்பைவிட, அறுத்த விளிம்பும் திருகாணித் துளையுமே தண்ணீரை உறிஞ்சும் வாய்கள்.

ஆகவே பலகையைப் பொருத்துவதற்கு முன்பே வேலை தொடங்க வேண்டும். நன்கு உலர்ந்த பலகையின் இரு பக்கமும் எபாக்சி பூச வேண்டும். விளிம்புகளுக்கு இரண்டு மூன்று முறை. திருகாணித் துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, கெட்டியான எபாக்சியால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவில் மறுபடி துளையிட்டால் மரத்தில் ஈரம் படாது. மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் அவ்வளவு உறுதியாக ஒட்டுவதில்லை; நாளடைவில் உரிந்துவிடும். எபாக்சியை வெயில் அரிக்கும் என்பதால் அதன் மேல் பெயின்ட் அவசியம்.

மழைக்காலத்தில்

வள்ளத்தைக் கரையேற்றினால், தண்ணீர் வடியும்படி சாய்த்தோ கவிழ்த்தோ வைக்க வேண்டும். பாலிதீன் தாளை இறுகச் சுற்றுவது கெடுதல்; உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். மேலே கூரை, பக்கங்களில் காற்று - இதுவே நல்ல ஏற்பாடு.

மாதம் ஒருமுறை மேல்தட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது நல்லது. கணீரென்ற ஓசை மந்தமாகும் இடத்திலும், பெயின்ட் கொப்புளிக்கும் இடத்திலும் கூரிய ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி சுலபமாக இறங்கினால் உள்ளே மக்கிவிட்டது என்று அறியலாம். அதன் மேலேயே ஃபைபர் ஒட்டி மூடுவது புண்ணை மறைத்துக் கட்டுவது போன்றது. நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, உலரவிட்டுப் புதுப் பலகை சேர்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகையானால், சேரும் முனைகளை 96 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகச் சீவி ஒட்டுவது தச்சர்கள் கைக்கொள்ளும் அளவு.

இது காசு மிச்சமாகும் விஷயம் மட்டுமல்ல. நடுக்கடலில் வலை கனக்கும் நேரத்தில் காலடிப் பலகை உடைந்தால் ஆள் உயிருக்கே ஆபத்து. விளிம்புக்குப் பூசும் அந்த ஒரு டப்பா எபாக்சியில் கணக்குப் பார்க்கலாகாது.