லேலண்ட் – டாடா ரசிகப் போட்டி

லேலண்ட் – டாடா போட்டி என்பது தமிழ்நாட்டுப் பேருந்து ரசிகர்கள், ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் ஆகியோரிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் செல்லச் சண்டையாகும். சென்னை எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்டும் ஜாம்ஷெட்பூரில் பிறந்த டாடாவும் இதன் இரு கட்சிகள். நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் வணிகப் போட்டி வேறு. அந்நிறுவனங்களிடமிருந்து ஒரு காசும் பெறாமல் அவற்றுக்காக வாதாடும் மக்களின் போட்டியே இங்குப் பேசப்படுவது. மாநிலத்தின் நடுவில் இருந்துகொண்டு நான்கு திசைப் பேருந்துகளையும் வாங்கி அனுப்பும் திருச்சிராப்பள்ளி, இதைக் கவனிப்பதற்கு ஏற்ற ஊர்.

இரு பரம்பரைகள்

அசோக் லேலண்டின் தொடக்கம் 1948. அந்த ஆண்டு ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘அசோக்’ என்பது அவருடைய மகனின் பெயர். மௌரியப் பேரரசரை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். தொடக்கத்தில் அங்கே பூட்டப்பட்டவை இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்கள். 1950-இல் லேலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1955-இல் அந்நிறுவனம் பங்குதாரராக வந்தபோது பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. 1967-இல் ‘டைட்டன்’ என்ற மாடிப் பேருந்து வந்தது. 1980-இல் ஓசூரில் ஆலை எழுந்தது.

டாடாவின் கதை நீராவியில் தொடங்குகிறது. 1945-இல் ஜாம்ஷெட்பூரில் உருவான டெல்கோ நிறுவனம் முதலில் செய்தவை ரயில் இன்ஜின்கள். 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி செய்ய இறங்கியது. வண்டியின் முகப்பில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் டாடாவின் ‘டி’ எழுத்து வந்து அமர்ந்தது. டெல்கோ என்ற பெயர் 2003-இல் டாடா மோட்டார்ஸ் ஆயிற்று.

ஆக, ஒன்று ஆங்கிலேய வழி, மற்றொன்று ஜெர்மானிய வழி. ரசிகர்களின் வாதத்தில் இந்தப் பரம்பரைப் பெருமை அடிக்கடி தலைகாட்டும். ஆனால் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய செய்தி, லேலண்ட் ‘நம்ம ஊர் வண்டி’ என்பதுதான். எண்ணூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் உறவினரோ ஊர்க்காரரோ இருப்பது இங்கே அரிதன்று. டாடாவின் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அப்படி ஓர் ஆலை தமிழ்நாட்டில் அமையவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

இதே போன்ற ஒரு போட்டி உலகில் மிகவும் பேசப்பட்டது ஆஸ்திரேலியாவில்: ஃபோர்டு கட்சி, ஹோல்டன் கட்சி. ஹோல்டனின் முதல் கார் வெளிவந்ததும் 1948-தான். அந்நாட்டுப் பிரதமர் பென் சிஃப்லியே அதை அறிமுகம் செய்தார். 1960-இல் ஃபோர்டு ‘ஃபால்கன்’ காரை இறக்கியது. பாதர்ஸ்ட் நகரின் மவுண்ட் பனோரமா மலைச்சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் நெடும்பந்தயம் இரு கட்சிகளுக்கும் திருவிழாவாக மாறியது. ஹோல்டனுக்காக ஓட்டிய பீட்டர் பிராக் அங்கே ஒன்பது முறை வென்றவர். அப்பா எந்தக் காரோ பிள்ளையும் அந்தக் கார் என்று குடும்பங்களே பிரிந்து நின்றன. இத்தனைக்கும் ஹோல்டன் 1931 முதலே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தம், ஃபோர்டும் அமெரிக்கா. இரண்டு அமெரிக்க நிறுவனங்களை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியர்கள் தங்கள் அடையாளத்தைத் தேடினார்கள் என்று சொன்னால் தவறாகாது.

திருச்சியின் போட்டிக்கும் அதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலிய ரசிகர் தன் காரின் சொந்தக்காரர். கடன் வாங்கி வாங்கிய பொருளைக் குறை சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். இங்கே லேலண்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தும் மாணவருக்குச் சொந்தமாக இருப்பது பயண அட்டை மட்டுமே. எந்த வண்டியை வாங்குவது என்பதை முடிவு செய்பவர் போக்குவரத்துக் கழக அதிகாரியோ தனியார் பேருந்து முதலாளியோ ஆவார். ஒன்பதரை மணிக்குக் கல்லூரியில் இருக்க வேண்டுமென்றால் லேலண்ட் ரசிகரும் டாடாவில்தான் ஏறியாக வேண்டும். இருவரும் ஒரே படியில் தொங்கிக்கொண்டே வாதத்தைத் தொடர்வார்கள். இந்தச் சண்டை பகையாக முற்றாமல் இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

திருச்சி வட்டாரமும் பேருந்தும்

தென்னிந்தியப் பேருந்து வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். அவருடைய குழுமத்தின் பெயரைத் தாங்கிய டி.வி.எஸ். டோல்கேட் இன்றும் திருச்சியில் எல்லோரும் அறிந்த நிறுத்தம்.

அரசுப் பேருந்துக் கழகங்கள் 1972 முதல் பல்லவன், சோழன், பாண்டியன், சேரன் என்ற பெயர்களில் உருவாயின. திருச்சிக்குப் பின்னாளில் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1997-இல் மன்னர்கள், தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன; இப்போது திருச்சி மண்டலம் கும்பகோணம் கோட்டத்தின் கீழ் இயங்குகிறது. இக்கழகங்களின் வண்டிகளில் பெரும்பகுதி லேலண்ட்; இடையிடையே டாடாவும் வந்ததுண்டு. லாரிகளில் நிலைமை வேறு. நாடு முழுவதும் டாடாவின் கை ஓங்கியிருக்கும் துறை அது. அதனால் பேருந்து நிலையத்தில் சிறுபான்மையாக நிற்கும் டாடா ரசிகர், நெடுஞ்சாலைக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

மேற்கே கரூர். பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் பெயர் பெற்ற ஊர். ஆலையிலிருந்து வருவது சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் மட்டுமே: நான்கு மூலையில் சக்கரங்கள், முன்னால் இன்ஜின், ஒரு ஸ்டியரிங், ஓர் இருக்கை. கூரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதை ஓட்டிவரும் ஓட்டுநரை நெடுஞ்சாலையில் பார்க்காதவர்கள் குறைவு. இந்தப் போட்டியில் யாராவது பாராட்டுக்குரியவர் என்றால் அவர்தான் என்று தோன்றுகிறது. தெற்கே மதுரைச் சாலையில் விராலிமலையிலும் பேருந்துப் பாடி கட்டும் ஆலை ஒன்று உண்டு. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து நடத்திய தொழில் அது.

கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பது

பாடி வேறொருவர் கட்டுவதால், வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து இது எந்த நிறுவனத்து வண்டி என்று சொல்லிவிட முடியாது. ஒரே கரூர்ப் பட்டறையிலிருந்து ஒரே வண்ணத்தில் ஒரே முகத்தோடு லேலண்டும் டாடாவும் வெளிவரலாம். ரசிகர்களின் கலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்டியரிங் நடுவிலுள்ள முத்திரை, ஓட்டுநருக்கு முன்னுள்ள மீட்டர் பலகை, சக்கரத்தின் நடுக்கூடு, இன்ஜின் பெட்டியின் அமைப்பு என்று குறிப்புகள் பல. தேர்ந்த ரசிகருக்கு இவை எதுவும் வேண்டாம், காது போதும். கீழ் கியரில் கிளம்பும்போது எழும் நீண்ட முனகலை லேலண்டுக்கு உரியது என்பார்கள். டாடாவின் கம்மின்ஸ் இன்ஜின் வண்டிகளுக்கு டர்போவின் விசில் அடையாளம். இந்த விசிலுக்காகவே கட்சி மாறியவர்கள் உண்டு.

டர்போ என்பது என்ன? இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தி அனுப்பும் கருவி. காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம்; இழுவை கூடும். அந்த விசிறி மிக வேகமாகச் சுழல்வதால் எழும் ஒலிதான் விசில். லேலண்டின் முனகல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கியர் பெட்டியின் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுழலும் ஒலி. அறிவியல் வகுப்பில் தூங்கும் மாணவர்களும் இந்த இரண்டையும் தெளிவாக விளக்குவார்கள்.

பெயர் வைப்பதிலும் இரு நிறுவனங்களின் மனப்போக்கு தெரியும். இங்கிலாந்து லேலண்டுக்கு விலங்குப் பெயர்கள் மேல் காதல். அந்த வழக்கம் இங்கும் தொடர்ந்தது: பீவர், ஹிப்போ, டஸ்கர், சீட்டா, லின்க்ஸ். காமெட், வைக்கிங் போன்ற விலங்கல்லாத பெயர்களும் உண்டு. டாடாவோ பென்ஸ் பாணியில் எண்களைப் பிடித்துக்கொண்டது. 1210 என்றால் வண்டியின் மொத்த எடை 12 டன், குதிரைத்திறன் சுமார் 100. 1512 என்றால் 15 டன், சுமார் 120. 1613 என்றால் 16 டன், சுமார் 130. பெயரைச் சொன்னாலே வண்டியின் ஜாதகம் வந்துவிடும். ரசனை லேலண்டுக்கு, கணக்கு டாடாவுக்கு என்று இதை வைத்தும் ஒரு வாதம் உண்டு.

வாதங்கள்

“லேலண்டுன்னா இழுவை மாப்ள, கொல்லிமலைக்கு விட்டுப் பாரு.” “எழுபது வளைவுலயும் டாடா ஏறாமலா இருக்கு?” என்பது போல் பேச்சு போகும். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இந்த வாதத்தில் இரு கட்சிக்கும் சாட்சி. இழுவை, தாங்கும் தன்மை, டீசல் சிக்கனம், உதிரிப் பாகம் கிடைப்பது, உள்ளே அதிரும் அளவு என்று பட்டியல் நீளும். இவற்றில் எதற்கும் பொதுவான தீர்ப்பு கிடையாது. மாடல், வயது, பராமரிப்பு, பாடியின் எடை, ஓட்டுபவரின் கால் ஆகிய அனைத்தும் சேர்ந்தே விடை மாறும்.

ஓட்டுநர்களின் வாதம் வேறு தரத்தில் இருக்கும். அவர்கள் நாளெல்லாம் அந்த இருக்கையில் உட்காருபவர்கள். பழைய வண்டிகளில் ‘டபுள் கிளட்ச்’ அடித்து கியர் மாற்ற வேண்டியிருந்தது. கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குப் போக வேண்டும். பற்சக்கரங்களின் வேகம் பொருந்தாவிட்டால் வண்டி முழுவதும் கேட்கும்படி கரகரவென்று கத்தும். பவர் ஸ்டியரிங் இல்லாத நாட்களில் திருப்பங்களில் தோள் வலி வேறு. அப்படி ஓட்டிய மூத்த ஓட்டுநரிடம் “எது அண்ணே நல்ல வண்டி?” என்று கேட்டால், “பிரேக் பிடிக்கிற வண்டி” என்று முடித்துவிடுவார். மாணவர்கள் இந்தப் பதிலை விரும்புவதில்லை.

கைப்பேசி வந்தபின் போட்டி விளையாட்டுக்குள்ளும் புகுந்தது. ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற விளையாட்டில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் வண்ணத்தையும் ஊர்ப் பலகையையும் பொருத்தி ஓட்டுகிறார்கள். அட்டையிலும் ஃபோம் பலகையிலும் பேருந்து மாதிரிகளைச் செய்பவர்கள் உண்டு. கதவு திறந்து மூடும், விளக்கு எரியும். கேரளத்தில் யானை முத்திரை தாங்கிய அரசுப் பேருந்தை ‘ஆனவண்டி’ என்று கொண்டாடும் ரசிகர்களோடு இவர்களை ஒப்பிடலாம். இலங்கையிலும் இரு நிறுவனப் பேருந்துகளும் ஓடுகின்றன; அங்கே லங்கா அசோக் லேலண்ட் 1982-இலேயே தொடங்கப்பட்டது. இந்த ரசிகர் கூட்டம் எங்கும் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதையும் குறிப்பிட வேண்டும். அதே வண்டிகளில் அதே அளவு பயணம் செய்யும் பெண்களுக்கு, எந்த இன்ஜின் என்பதைவிட நிறுத்தத்தில் நிற்குமா என்பது முதல் கேள்வியாக இருந்துவந்திருக்கிறது.

குழப்பிக்கொள்ளக் கூடாதது

திருச்சி நகரப் பேருந்துகளில் தனியார் வண்டிகள் கணிசம். முன்னால் போகும் வண்டியை முந்தினால் அடுத்த நிறுத்தத்தின் பயணிகள் கிடைப்பார்கள் என்பதால் நடக்கும் ‘டைமிங்’ தகராறு வருமானச் சண்டை; ரசிகப் போட்டியன்று. ஆனால் படியில் நிற்கும் ரசிகர்கள் “விடாதீங்கண்ணே” என்று ஓட்டுநரை ஏற்றிவிடும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. அந்த இடத்தில் இது விளையாட்டு இல்லை.

இன்றைய நிலை

போட்டியின் களம் மாறிவருகிறது. டாடாவின் பழைய கூட்டாளியான டெய்ம்லர், 2012-இல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஆலை திறந்து ‘பாரத்பென்ஸ்’ வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. பென்ஸ் பரம்பரையும் தமிழ்நாட்டு மண்ணும் ஒரே வண்டியில் சேர்ந்ததால் இரு பழைய கட்சிகளுக்கும் சங்கடம்.

அதைவிடப் பெரிய மாற்றம் மின்பேருந்து. அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச் மொபிலிட்டியின் மின்பேருந்துகள் 2025-இல் சென்னை மாநகரில் ஓடத் தொடங்கின. டாடாவும் மின்பேருந்து செய்கிறது. மின் மோட்டாருக்குப் புகை இல்லை, அதனால் டர்போ இல்லை. மாற்றிப் போட வேண்டிய கியரும் இல்லை. கேட்டுக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை.

ஆஸ்திரேலியாவில் முடிவு வேறு விதமாக வந்தது. ஃபோர்டு 2016 அக்டோபரிலும் ஹோல்டன் 2017 அக்டோபரிலும் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தின. பிறகு ஹோல்டன் என்ற பெயரே கைவிடப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டபின் ரசிகர்களிடம் இருப்பவை பழைய கார்களும் பழைய பந்தயங்களின் கதைகளும்தாம். தமிழ்நாட்டில் எண்ணூரிலும் ஓசூரிலும் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மறையப்போவது ஒலி மட்டுமே. 2025-இல் திறக்கப்பட்ட பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கு இப்போது வெளியூர் வண்டிகள் வந்து போகின்றன. கரூர்ச் சாலையில் தலைத்துண்டோடு வரும் சேஸிஸ் ஓட்டுநரின் வண்டி எந்த நிறுவனத்தது என்பதை இன்னும் தூரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.