விழுங்கியதெல்லாம் உடலிற் சேருமா?

பசளையை அள்ளிக் கொட்டினால் மட்டும் பயிர் விளையாது என்பதை விவசாயிக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மண்ணில் ஈரம் வேண்டும்; பருவம் வேண்டும்; வேர் அதனை உறிஞ்ச வேண்டும். இல்லையேல் போட்டதெல்லாம் வாய்க்காலோடு போய்விடும். எமது உடலும் அத்தகைய ஒரு வயலே.

களனி ஆற்றின் வடகரையிலுள்ள பேலியகொடைக்கு 2011இல் மத்திய மீன் சந்தையும், 2020இல் மெனிங் மரக்கறிச் சந்தையும் புறக்கோட்டையிலிருந்து இடம் மாறி வந்தன. நாட்டின் நாலா பக்கத்து விளைச்சலும் இங்கே லொறிகளில் வந்து இறங்குகிறது. ஊரையும் காணியையும் இழந்து வந்து, இத்தகைய இடங்களில் மூட்டை சுமந்து பிழைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். இத்தனை உணவுக்கு நடுவிலும் தாய்மாரின் முகங்கள் வெளிறிக் கிடப்பதேன்? வறுமையே முதற் காரணம். ஆயினும் கிடைக்கின்ற கொஞ்சமும் உடலிற் சேராமற் போவது இன்னொரு காரணம்.

ஒடுக்கமான வாசல்

இரத்தத்திற்குத் தேவையான இரும்புச்சத்து, இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் முதற்பகுதியிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு இந்த வாசலால் இலகுவாக நுழையும். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்போ 100 பங்கில் ஏறத்தாழ 2 முதல் 20 பங்கு வரையே சேரும். அது கூடுவதும் குறைவதும் நாம் உடன் உண்பதைப் பொறுத்தது.

சோற்றோடு தேநீர் குடிக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. இதனால் உடலிற் சேரும் இரும்பு பாதிக்கு மேலும் குறையலாம். வெறுந்தேநீராயினும் பால் தேநீராயினும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மாறாக, தேசிக்காய், கொய்யா, நெல்லி ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி அந்த வாசலை அகலத் திறக்கிறது. தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே கறியில் விடுங்கள்; கொதித்தால் அச்சத்து அழியும். கீரையோடு ஒரு பிடி நெத்தலி சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

பூசணி, கரட், கீரை என்பவற்றில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் சத்து உண்டு. அது சேர்வதற்குக் கொழுப்பு தேவை. எமது அம்மாமார் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தது வெறும் ருசிக்காக மட்டுமா?

குளிசைகளும் அப்படியே

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியக் குளிசையும் இலவசமாகத் தரப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கல்சியம் இரும்பைத் தடுக்கும். ஆகவே வெவ்வேறு வேளைகளில் எடுக்க வேண்டும். தேநீரோடு அல்ல, தண்ணீரோடு எடுக்க வேண்டும். இரும்புக் குளிசை எடுப்போருக்கு மலம் கறுப்பாகப் போவது வழக்கம். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இரத்தச்சோகையுள்ள தாய்க்குப் பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கு உயிரையே பறிக்கக்கூடும்.

வயலுக்குத் திரும்பியோருக்கும் ஒரு சொல். 2008இல் எமது நாட்டிலே எலிக்காய்ச்சல் பெருமளவிற் பரவியது. அதற்கு முற்காப்பாகச் சேற்றில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் வழங்கப்படுகிறது. இரும்பு, கல்சியம், நெஞ்செரிவுக்கான மருந்து ஆகியன இதனையும் கட்டிவிடும். இரண்டு மூன்று மணித்தியால இடைவெளி தேவை. சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் சிறுவரும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது.

சேரவில்லையே என்று எந்தக் குளிசையையும் அளவுக்கு மிஞ்சி எடுக்க வேண்டாம். இரும்புக் குளிசைகளை அள்ளி விழுங்கும் குழந்தை இறந்தும் போகலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

இழந்த காணிக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுப்போம். அதுவரையில் எம்மிடம் எஞ்சியுள்ள வயல், இறைவன் தந்த இவ்வுடலே. தேநீர்க் கோப்பையை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பதற்குப் பணம் தேவையில்லை. இன்றைய மதியச் சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.