இரத்தம் எளிதில் உறைபவர்கள் விமானம் ஏறலாமா?

கோலசிலாங்கூரின் பாசிர் பெனம்பாங், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருச்சி, சென்னைப் பயணம் புதிதல்ல. கோயில், கல்யாணம், சொந்தபந்தம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். முன்பு காலில் இரத்தம் கட்டி, உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும், இரத்தம் எளிதில் உறையும் கோளாறு உள்ளவர்களும் அந்தப் பயணத்துக்கு முன் கேட்பது ஒன்றுதான்: விமானம் ஏறலாமா? சிகிச்சையில் நிலையாக இருக்கும் பெரும்பாலோர் ஏறலாம். ஏற்பாட்டை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே தொடங்க வேண்டும். (இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா இதற்கு நேர் எதிரானது, அந்நோய் உள்ளவர்களுக்கான ஆலோசனை வேறு.)

காலில் என்ன நடக்கிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் ஓட்டம் மந்தமாகி, ஆழத்திலுள்ள சிரைகளில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பிறவியிலேயே புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் குறைந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். புற்றுநோய், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, உடல் பருமன் ஆகியவையும் அதைக் கூட்டும்.

2000 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் வந்திறங்கிய 28 வயது எம்மா கிறிஸ்டோஃபர்சன் இப்படி நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்துத்தான் இறந்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்தே பயணம் செய்தால் இரத்தக் கட்டி ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம். கார், பேருந்து, ரயில் பயணத்துக்கும் இது பொருந்தும். அடுத்தடுத்துப் பயணம் செய்தால் ஆபத்து கூடும். பயணம் முடிந்தும் சுமார் 4 வாரம் நீடிக்கும்.

மொத்த நேரத்தைக் கூட்டுங்கள்

கோலாலம்பூர்–திருச்சி விமானம் சுமார் 4 மணி நேரம். ‘நாலு மணி நேரம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. கோலசிலாங்கூரிலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை கார், அங்கே காத்திருப்பு, இறங்கியதும் இராமேஸ்வரத்துக்கோ பழனிக்கோ வேன் என எல்லாம் உட்கார்ந்த நேரம்தான். முதல் நாளே வேன் ஏறாமல் ஒரு நாள் தங்கிப் போவது நல்லது.

புறப்படும் முன்

சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அண்மையில்தான் கட்டி வந்தது என்றால், எப்போது பறக்கலாம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு ஹெப்பாரின் வகை ஊசி தேவைப்படலாம். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போடாதீர்கள். அழுத்தக் காலுறையைக் காலை அளந்து வாங்க வேண்டும். நீரிழிவால் காலுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியவே கூடாது.

பயணத்திலும் ஊரிலும்

நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். அடிக்கடி எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் விரல்களையும் மாறி மாறி உயர்த்துங்கள். தண்ணீர் குடியுங்கள், மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மருந்தையும் மருத்துவர் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். இந்திய நேரம் மலேசிய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர் வீட்டில் தினமும் முருங்கைக்கீரை பரிமாறினால் வார்ஃபரினின் வேலை குறையும். கீரையை விலக்க வேண்டாம். வழக்கமான அளவை மாற்றாதீர்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மலேசியாவில் 999, தமிழகத்தில் 108 அழையுங்கள். பயணம் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அதே வாரத்தில் அவர்களைக் கிளினிக்குக்கும் அழைத்துப் போங்கள்.