பெரிய மிக்ஸரா, சின்ன மிக்ஸரா?

மாத்திரையில் மருந்து எவ்வளவு, வேண்டாத கலப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எச்.பி.எல்.சி. கருவி. அதன் திரையில் நேராக ஓடவேண்டிய பேஸ்லைன் நெளிய ஆரம்பித்தால், எங்கள் லேபில் யாராவது ஒருவர், "பெரிய மிக்ஸரா வாங்கிப் போட்டுடலாம் சார்" என்பார். நான் லேசில் தலையாட்டுவதில்லை.

சமையலறை மிக்ஸியை நினைத்துவிடாதீர்கள். இது விரல் நீள எஃகு உருளை. சிலவற்றுக்குள் நுண்மணிகள், சிலவற்றில் வளைந்து நெளியும் பாதை. கொள்ளளவு 50 மைக்ரோலிட்டரிலும் உண்டு, சில நூறிலும் உண்டு. பம்ப் தள்ளும் தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் பிரிகுழாய்க்குள் போகும் முன் இங்கே ஒன்றாகிவிட வேண்டும்.

ஆகாவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது டி.எஃப்.ஏ. அமிலம்தான். பெப்டைடு சோதனையில் 0.1 சதவீதம் சேர்ப்போம். பார்ப்பது 214 நானோமீட்டரில். அங்கே அமிலமே புற ஊதா ஒளியை உறிஞ்சும். கலவை விகிதம் துளி பிசகினாலும் குழாயில் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். பேஸ்லைன் சீராக அலையடிக்கும். 254-ல் பார்த்தால் அந்த அலை அநேகமாகத் தெரியாது. அதற்குப் பெரிய மிக்ஸர் தண்டச் செலவு.

செலவோடு போனாலும் பரவாயில்லை. 400 மைக்ரோலிட்டர் மிக்ஸர், நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டத்தில் 24 வினாடி தாமதம் தரும். 0.2 மில்லிலிட்டர் ஓட்டத்தில் அதுவே 2 நிமிடம். கரைப்பான் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும் 5 நிமிட கிரேடியன்ட்டில் 2 நிமிடம் தாமதமென்றால் என்ன மிஞ்சும்? கோடு அழகாகிவிடும், பீக்குகள் இடம் மாறும், தனித்தனியாக நின்ற இரண்டு ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

அதனால் பர்சேஸுக்கு எழுதும் முன் ஒரு வேலை. இரண்டு கரைப்பானையும் ஒரே பாட்டிலில் கலந்து, ஒரே லைனில் ஓட்டிப் பாருங்கள். அலை அப்படியே இருந்தால் மிக்ஸர் குற்றவாளி அல்ல. காற்றுக் குமிழியையும் டிடெக்டர் விளக்கையும் பாருங்கள். அலை அடங்கினால் கோளாறு கலவையில். அப்போதும் செக் வால்வைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் மிக்ஸர். அதிலும் கோட்டை அடக்கப் போதுமான அளவில் சின்னதாக.

எல்லா ஓட்டமும் ஒரே விகிதத்தில்தான் என்றால் பாட்டிலிலேயே கலந்து வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்பேட் பஃபர் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: அசிட்டோநைட்ரைல் மிகுந்தால் உப்பு பிரிந்து அந்த நுண்மணிகளுக்கிடையே படியும். சனிக்கிழமை கிளம்பும் முன் 90 பங்கு தண்ணீர், 10 பங்கு அசிட்டோநைட்ரைல் வைத்துக் கழுவிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிரஷர் எகிறி பம்ப் நின்றுவிடும்.