பாதி ரெய்ஸ்னு ஒண்ணு கிடையாது

போன எபிசோட்ல பிளைண்ட்ஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதோட தொடர்ச்சியா டோர்னமென்ட் போக்கர்ல மினிமம் ரெய்ஸ். பார்க்க சின்ன விதிதான். ஆனா கையில சிப்ஸ் கம்மியா இருக்கும்போது நீங்க டேபிள்ல இருப்பீங்களா, எழுந்து போவீங்களான்னு முடிவு பண்றதே இதுவா இருக்கலாம்.

முதல்ல விதி. நோ-லிமிட் ஹோல்டெம்ல ஒருத்தர் ரெய்ஸ் பண்ணா, அந்த ரவுண்ட்ல முன்னாடி வந்த ரெய்ஸ் எவ்வளவு கூட்டுச்சோ, குறைஞ்சது அவ்வளவாவது இவரும் கூட்டணும். பிளைண்ட்ஸ் 500/1,000ன்னு வெச்சுக்குவோம். முதல் ரெய்ஸ் குறைஞ்சது 2,000. ஒருத்தர் 2,500 ஆக்கிட்டார்னா அவர் கூட்டினது 1,500. அடுத்த ரெய்ஸ் குறைஞ்சது 4,000. நிறைய பேர் 5,000ன்னு நினைப்பாங்க. இரட்டிப்பாக்கத் தேவையில்ல, கூட்டின தொகைதான் கணக்கு.

சரி, கட்டாயம் எங்க வருது? 2001-ல ஆரம்பிச்ச டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன், சுருக்கமா டிடிஏ, இதுக்கு ஒரு கோடு போட்டிருக்கு. எதுவும் சொல்லாம நீங்க தள்ளுற சிப்ஸ், தேவையான ரெய்ஸ்ல பாதியையோ அதுக்கு மேலயோ தொட்டுட்டா, முழு மினிமம் ரெய்ஸா ஆக்கியே தீரணும். பாதிக்குக் கீழ இருந்தா அது வெறும் கால். நம்ம உதாரணத்துல பாதிங்கிறது 750. அதாவது 3,200 தள்ளினா கால், மிச்சம் 700 திரும்ப வரும். 3,300 தள்ளினா 4,000 போடணும். வாய் திறந்து "ரெய்ஸ்"னு சொல்லிட்டா, எவ்வளவு தள்ளினாலும் மினிமம் ரெய்ஸ் கட்டாயம். பெரிய மதிப்புள்ள ஒத்தை சிப்பை எதுவும் சொல்லாம போட்டா மட்டும் அது கால்தான்.

இதோட விலையைப் பாருங்க. உங்க கையில 12,000 இருக்கு. ரெய்ஸ் கட்டாயமாச்சுன்னா மூணுல ஒரு பங்கு உள்ள போயிடுச்சு. அதைவிடப் பெரிய சிக்கல், 2,500 போட்டவருக்கு மறுபடி ரெய்ஸ் பண்ற உரிமை திறந்துடுச்சு. நீங்க கால் மட்டும் பண்ணியிருந்தா, வேற யாரும் ரெய்ஸ் பண்ணாத வரைக்கும் அவர் கை கட்டப்பட்டிருக்கும். இப்போ அவர் உங்களை ஆல்-இன்ல தள்ளுறார். பிளைண்ட்ஸ்ல இருக்கவங்க ஃபோல்ட், பிக் பிளைண்ட் ஆன்டே 1,000ன்னு வெச்சா பாட்ல 18,500 இருக்கு. நீங்க போட வேண்டியது 8,000. கிட்டத்தட்ட 30 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்பு இருந்தாலே சிப் கணக்கு "கால் பண்ணு"ன்னு சொல்லும். ஆனா இன்னும் ரெண்டு பேர் வெளிய போனா பரிசுப் பணம்னு இருக்கிற பபிள் நேரத்துல, உயிரோட இருக்கிறதுக்கே ஒரு மதிப்பு இருக்கு. அதே கணக்கு அங்க செல்லாது.

தெரிஞ்சே பண்ற மின்-ரெய்ஸ் வேற கதை. நீங்க முதல் ஆளா 2,000 போட்டா, பாட்ல இருக்கிற 2,500-ஐத் தூக்க 100-ல சுமார் 44 தடவை எல்லாரும் ஃபோல்ட் பண்ணாப் போதும். 3,000 போட்டா 55 தடவை வேணும். தப்பினா நட்டமும் கம்மி. ஆனா பிக் பிளைண்ட்ல இருக்கிறவருக்கு 18 சதவீத வாய்ப்பு இருந்தாலே கால் பண்றது லாபம்; 3,000-ன்னா அது 27 ஆகும். மலிவா நுழையலாம்னா மலிவா கூடவே வருவாங்க.

கடைசியா, குட்டி ஆல்-இன். ஒருத்தர் 2,500 ரெய்ஸ், அடுத்தவர் கால், மூணாவது ஆள் 3,400-க்கு ஆல்-இன். கூட்டினது 900 தான், முழு ரெய்ஸ் இல்ல. அதனால முதல் ரெண்டு பேரும் 900 போடலாம் இல்ல ஃபோல்ட் பண்ணலாம். ரெய்ஸ் பண்ண முடியாது. ஆனா நாலாவது ஆள் 4,100-க்கு ஆல்-இன் போனா மொத்தம் 1,600 கூடிடுச்சு, முழு ரெய்ஸைத் தாண்டிடுச்சு. கதவு திறந்துடுச்சு! கையில ரெண்டு ஏஸ் வெச்சுக்கிட்டு காத்திருக்கிறவருக்கு இந்த 700 வித்தியாசம்தான் எல்லாமே.

ஆக, சிப்ஸைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். கடைசி ரெய்ஸ் எவ்வளவு கூட்டுச்சுன்னு மனசுக்குள்ள கழிச்சுப் பாருங்க. அப்புறம் என்ன பண்றீங்கன்னு தொகையோட சத்தமா சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பபிள் கணக்கை முழுசா பிரிச்சுப் பார்ப்போம்.