உங்களுக்குத் தெரியுமா? வால்நட்சத்திரத் தூசி

● வால்நட்சத்திரத்தின் தூசி வெயிலில் சூடேறி அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். 1970-இல் பென்னட் வால்நட்சத்திரம் வந்தபோது அந்தக் கதிரை அளந்தவர்கள், அளவுகளின் வரைபடத்தில் 10 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு மேடு எழுந்து நிற்பதைக் கண்டார்கள். சிலிக்கனும் ஆக்சிஜனும் பிணைந்த பொருள் (சிலிக்கேட்) அதிரும்போது மேடு எழும் இடம் அது. அதாவது, அந்தத் தூசியில் பாறைப்பொடி இருக்கிறது. ஒரு துகளைக்கூடத் தொடாமல் கிடைத்த விடை!

● காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் ஹாலி வால்நட்சத்திரத்தை 1985-86-இல் விமானத்தில் பறந்தபடியே பார்த்தார்கள். நாசாவின் கைப்பர் வான் ஆய்வகம் என்ற அந்த விமானத்தில் 91 செ.மீ. தொலைநோக்கி இருந்தது.

● மேட்டின் வடிவமும் பேசும். கண்ணாடிபோல் ஒழுங்கற்ற சிலிக்கேட் என்றால் மழுங்கலாக இருக்கும். படிகம் என்றால் கூர்முனைகள் தெரியும். 1996-இல் ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ விண்தொலைநோக்கி ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தைப் பார்த்தபோது முனைகள் வரிசையாகத் தெரிந்தன. மக்னீசியம் மிகுந்த ஆலிவின் படிகம் அது. (நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கும் பச்சைக்கல்லும் ஆலிவின்தான்.) சிக்கல் இங்கேதான் தொடங்கியது. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் சிலிக்கேட்டில் படிகம் அநேகமாகக் கிடையாது. அதைப் படிகமாக்கச் சுமார் 700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வால்நட்சத்திரமோ உறைபனியோடு பிறந்தது. சூட்டில் வெந்த பொருளுக்கு அந்தக் குளிரில் என்ன வேலை? இளம் சூரியனுக்கு அருகே வெந்த துகள்கள் வெளியே அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே பலரும் ஏற்கும் பதில்.

● அதற்குச் சாட்சி 2006 ஜனவரியில் யூட்டா பாலைவனத்தில் வந்து இறங்கியது. வைல்ட்-2 வால்நட்சத்திரத்தின் தூசியை ஸ்டார்டஸ்ட் விண்கலம் ஏரோஜெல் என்ற நுண்துளைப் பொருளில் பிடித்து அனுப்பியிருந்தது. அதில் ஆலிவினும் இருந்தது. கடும் வெப்பத்தில் மட்டுமே உருவாகும் கால்சியம்-அலுமினியத் துகளும் இருந்தது.

● படிகம் உருவாவதை நேரடியாகவே பார்த்தாயிற்று. ஈஎக்ஸ் லூப்பி என்ற இளம் விண்மீன் 2008-இல் திடீரென்று பொங்கியது. முன்பு இல்லாத படிக முனைகள் அதன் தூசித் தட்டில் அப்போது தோன்றியதை ஸ்பிட்சர் தொலைநோக்கி பதிவு செய்தது.

● 2005 ஜூலை 4-இல் டெம்பெல்-1 வால்நட்சத்திரத்தின் மீது நாசா மோதவிட்ட 370 கிலோ கலத்தில் பெருமளவு செம்பு. வால்நட்சத்திரத்தில் செம்பு இருக்காது என்பதால், கிளம்பும் தூசியின் நிறமாலையில் குழப்பம் வராது என்ற கணக்கு. அந்தத் தூசியில் களிமண் சாயல்கூடத் தெரிந்ததாகச் சொன்னார்கள். அதை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை.