முகப்பருவுக்கு மருந்து, கண்ணில் ஏன் உறுத்தல்?

கல்லூரியில் பயிலும் மகனுக்கோ மகளுக்கோ முகப்பரு கடுமையாகி, களிம்புகளால் குணம் தெரியாதபோது, தோல் மருத்துவர்கள் ஐசோட்ரெட்டினாயின் என்னும் உட்கொள்ளும் மருந்தைப் பரிந்துரைப்பதுண்டு. வைட்டமின் ஏ-யின் வழிவந்த இம்மருந்து 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழக்கமாக நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை உட்கொள்ளப்படுகிறது. கடுமையான பருவுக்கு இதன் பயன் பெரிது. ஆதலின் அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. உதடு வறளும் என்பதைப் பலரும் அறிவர். கண்ணுக்கு நேரக்கூடியவற்றை அறிந்தோர் குறைவு.

தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருங்கச் செய்வதே இம்மருந்தின் முதன்மையான வேலை. இமை விளிம்பிலும் அவ்வினத்தைச் சேர்ந்த மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. அவை சுரக்கும் எண்ணெய், கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, அது விரைந்து ஆவியாகாமல் காக்கிறது. முகத்துச் சுரப்பி வேறு, இமைச் சுரப்பி வேறு என்று மருந்து பகுத்துப் பார்ப்பதில்லை. எனவேதான் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிச்சல், சிவப்பு, இமையோர வீக்கம் ஆகியன தோன்றுகின்றன. காண்டாக்ட் லென்ஸ் அணிவோர்க்கு இத்தொல்லை மிகுதி; மருந்து உட்கொள்ளும் காலத்தில் கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நலம். மருத்துவர் கூறும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தால் பெரும்பாலும் ஆறுதல் கிடைக்கும். மருந்தை நிறுத்தியபின் பலருக்கும் வறட்சி தணிந்துவிடுகிறது.

இரவுப் பார்வை மங்குவது இதனினும் கருதத்தக்கது. இருளில் பார்க்க உதவும் விழித்திரை நிறமி உருவாவதற்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும் என்பதனாலேயே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசே அச்சத்தைத் திரவமாகப் புகட்டி வருகிறது. அவ்வாறிருக்க, வைட்டமின் ஏ-யின் இனத்தைச் சேர்ந்த மருந்தே இரவுப் பார்வையைக் குறைப்பது வியப்பன்றோ? உருவ ஒப்புமையால் இம்மருந்து அந்நிறமி உருவாகும் வேதிப்பாதையில் குறுக்கிடுகிறது எனக் கருதப்படுகிறது. பூட்டினுள் நுழைந்தும் திறக்காத சாவி போல. சத்துக் குறைவென்று எண்ணி மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையோ வைட்டமின் ஏ மாத்திரையோ தாமாக வாங்கி உண்பது கேடு தரும். இரண்டும் சேர்ந்து உடலில் மிகையாகிவிடும். கீரைக்கும் காரட்டுக்கும் தடையில்லை. இம்மாற்றம் சிலருக்குத் திடீரென நேர்வதால், இரவில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் முன்னரே எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். பார்வை மங்குவதாகத் தோன்றினால் இரவில் வாகனம் ஓட்டாது, மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

அரிதாயினும் காத்திருக்க இடந்தராத நிலை ஒன்று உண்டு. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுடன் ஐசோட்ரெட்டினாயின் சேர்ந்தால் மண்டையோட்டினுள் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு வீங்கக்கூடும். அவ்வகையைச் சேர்ந்த டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியன பருவுக்கும் தரப்படுகின்றன. எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கு வேறொரு மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதித் தரவும் கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், உட்கொண்டு வரும் மருந்தின் பெயரைக் கூறுவது இன்றியமையாதது. விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் அல்லது பொருள்கள் இரண்டாகத் தெரிதல் ஆகியவை தோன்றினால், மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கவனியாது விட்டால் பார்வையிழப்பு நிலைத்துவிடலாம்.

கடன் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்துகளைப் படித்தபின் கையொப்பமிடுமாறு வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் வேண்டுகிறோம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளையும் அவ்வண்ணமே படிக்க வேண்டுகிறோம். கருவுற்றிருக்கும்போது இம்மருந்தைத் தொடவே கூடாது என்பது அதிலுள்ள முதன்மையான எச்சரிக்கை. கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை விளைவிக்கும். மருத்துவரின் சீட்டின்றி மருந்துக் கடையில் வாங்குவதோ, தோழர் ஒருவர் மீதம் வைத்ததை உண்பதோ ஆகாது.

கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் சிகிச்சை செய்துகொள்ள எண்ணுவோர், இம்மருந்து உட்கொள்வதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருந்து முடிந்தபின்னும் சில மாதங்கள் பொறுத்தே அச்சிகிச்சையை மேற்கொள்ளுமாறு அவர் கூறக்கூடும்.